மூச்சுக்குப் படும் பாட்டையும் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் நுரையீரல் நோயாளிகளைக் கவனித்துக்கொள்வது பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை எப்படிப் பயன்படுத்துவது, எந்த எண் வந்தால் மருத்துவரை அழைக்க வேண்டும் என்பதையெல்லாம் கட்டுரையாளர் தெளிவாகவே எழுதியிருந்தார். ஆனால் அந்த எண் இறங்காமல் இருக்க நோயாளியின் உடல் என்ன பாடுபடுகிறது என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நெஞ்சக நோய்ப் பிரிவில் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். விடுபட்ட அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் நிமோனியாவுக்காகச் சேர்க்கப்பட்டிருந்த ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை. அறுபது வயதை நெருங்கியவர். அன்று இரவுப் பணிக்கு வந்து வார்டைச் சுற்றி வந்தபோது அவருக்கு மாஸ்க் வழியாக ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தது. மானிட்டரில் ஆக்சிஜன் அளவு 95 என்று இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன், "இப்ப பரவாயில்ல சிஸ்டர், சாயங்காலத்துலேர்ந்து தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ இறங்கவே இல்ல" என்று நிம்மதியாகச் சொன்னார். தந்தையோ கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு, இரண்டு கைகளையும் மெத்தையில் ஊன்றிக்கொண்டு, முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் கழுத்தின் இருபுறமும் தசை கயிறு போலப் புடைத்துக்கொண்டு வந்தது. காறை எலும்புக்கு மேலே இருக்கும் குழி உள்ளே இழுத்தது. "தூங்கினீங்களாய்யா?" என்று கேட்டேன். "தூக்கம்" என்றார், ஒரு மூச்சு எடுத்தார், "வரல" என்றார், மறுபடி ஒரு மூச்சு எடுத்தார். இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்ல அவரிடம் காற்று இல்லை.

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு முழு நிமிடம் அவர் மூச்சை எண்ணினேன், 34 வந்தது. கேஸ் ஷீட்டைப் புரட்டினால், முந்தைய இரண்டு நாட்களிலும் எல்லா ஷிஃப்டுகளிலும் சுவாச எண்ணிக்கைக்கான கட்டத்தில் 20, 20, 20 என்றே எழுதியிருந்தது. அவற்றில் ஒன்று என் கையெழுத்து. முந்தைய இரவு நானும் எண்ணாமல்தான் எழுதியிருந்தேன்.

பணியிலிருந்த மருத்துவரைக் கூப்பிட்டேன். அவரும் முதலில் மானிட்டரைத்தான் பார்த்தார். ஆக்சிஜன் நன்றாகத்தானே இருக்கிறது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். என் கண்ணுக்குத் தெரிந்ததை எப்படி எடுத்துச் சொல்வது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. அதை எழுதுவதற்குக் கேஸ் ஷீட்டிலும் இடமில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு மூச்சின் எண்ணிக்கை 22 ஆக இறங்கியது. "அப்பா அசந்து தூங்கிட்டார் சிஸ்டர்" என்று மகன் மெல்லிய குரலில் சொன்னார். தோளைத் தட்டி எழுப்பிப் பார்த்தபோது அவர் கண்ணைத் திறக்கவில்லை. அப்போதும் மானிட்டரில் 93 இருந்தது. குழாய் போட்டு வென்டிலேட்டரில் சேர்த்தோம். ஐந்தாம் நாள் இறந்துபோனார்.

இது அந்த மருத்துவரின் குறை என்று சொல்ல வரவில்லை. எண்ணைப் பார்க்கவே எங்கள் எல்லோருக்கும் பழக்கியிருந்தார்கள். ஆக்சிமீட்டர் ஓர் அரிய கருவி என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அயோயாகி 1974இல் முன்வைத்த கொள்கையிலிருந்து வளர்ந்து வந்த அந்தச் சிறு கருவியால் பிழைத்தவர்கள் கணக்கில் அடங்க மாட்டார்கள். ஆனால் ரத்தத்தின் ஹீமோகுளோபினில் எவ்வளவு பங்கு ஆக்சிஜனைச் சுமந்துகொண்டிருக்கிறது என்பது ஒன்றைத்தான் அது சொல்லும். நோயாளி ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சு விடுகிறார், எந்தத் தசைகளைக் கொண்டு விடுகிறார், இன்னும் எத்தனை மணி நேரம் அப்படித் தாக்குப்பிடிப்பார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. வெளியிலிருந்து ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது நுரையீரலுக்குள் போய்வரும் காற்று குறைந்துகொண்டே வந்தாலும் எண் வெகுநேரம் இறங்காமல் நிற்கும். அதற்குள் கரியமில வாயு உள்ளே சேர்ந்துகொண்டே போகும். போதாக்குறைக்கு, தோலின் நிறமும் அந்த எண்ணைப் பாதிக்கிறது. 2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டியபோதே ரத்தப் பரிசோதனையில் 88க்கும் கீழே இருந்த நிலை, வெள்ளையினத்தவரைக் காட்டிலும் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகக் காணப்பட்டது.

ஆக்சிஜன் சரியாக இருந்தும் மூச்சு தோற்றுப்போகும் என்பது இன்று புதிதாகக் கண்டுபிடித்த விஷயமல்ல. 1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் போலியோ பரவியபோது, சுவாசத் தசைகள் செயலிழந்த நோயாளிகள் பிளெக்டாம் மருத்துவமனையில் கூட்டம் கூட்டமாகச் சேர்க்கப்பட்டார்கள். ஆக்சிஜன் கொடுக்கப்பட்டதால் அவர்களில் பலர் நீலம் பாரிக்காமலே இறந்தார்கள். ரத்தத்தில் பைகார்பனேட்டின் அளவு உயர்ந்திருப்பதைப் பார்த்த மருத்துவர்கள் அதை ஏதோ விளங்காத காரத்தன்மை என்று நினைத்தார்கள். மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன்தான், அது வெளியேற வழியில்லாமல் தேங்கிப்போன கரியமில வாயு என்று காட்டினார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, கையால் பையை அழுத்தி மூச்சுக் கொடுக்கும் முறையைத் தொடங்கினார். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பையை அழுத்தினார்கள். முதல் வாரங்களில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேலாக இருந்த இறப்பு, பாதிக்கும் கீழே இறங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஒன்று உருவானதே அங்கிருந்துதான். எழுபது ஆண்டுகள் கழிந்த பிறகும் ஒரு வார்டில் "ஆக்சிஜன் நன்றாகத்தானே இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போக முடிகிறது என்பதுதான் என் ஆதங்கம்.

மூச்சு விடுவது ஒரு வேலை. உடல்நலத்தோடு ஓய்வாக இருப்பவருக்கு அது வேலையாகத் தெரியாது. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் ஒன்றே பெரும்பங்கை முடித்துவிடும். உடல் செலவிடும் மொத்த ஆக்சிஜனில் சுவாசத் தசைகளுக்குப் போவது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. நுரையீரல் விறைத்துப்போனாலோ, மூச்சுக்குழல்கள் சுருங்கிப்போனாலோ இந்தக் கணக்கு மாறிவிடும். கடும் திணறலில் அந்தப் பங்கு நூற்றுக்கு இருபதைத் தாண்டக்கூடும். உதரவிதானத்துக்குத் துணையாகக் கழுத்துத் தசைகளும் விலாவிடைத் தசைகளும் வந்து சேர்ந்துகொள்ளும். மூச்சை வெளியே தள்ள வயிற்றுத் தசைகளும் இறுகும். மாடி ஏறுபவர் இளைத்தால் நின்று ஆற்றிக்கொள்ளலாம். நோயாளியால் மூச்சை நிறுத்தி ஆற்றிக்கொள்ள முடியாது. தசை களைக்கக் களைக்க மூச்சு மேலோட்டமாகிறது. கடைசியில் எண்ணிக்கையும் குறைகிறது. இரவு 34 ஆக இருந்தது விடியற்காலையில் 22 ஆனதற்கு அதுதான் காரணம். நோயாளி தெளிவாகி, வாய் நிறையப் பேசி, கழுத்துத் தசை தளர்ந்து எண்ணிக்கை இறங்கினால் அது குணம். மயங்கிக்கொண்டே எண்ணிக்கை இறங்கினால் அது அபாயம். இரண்டும் கேஸ் ஷீட்டில் ஒரே 22 ஆகத்தான் பதிவாகும். ஆஸ்துமா முற்றிய ஒருவரின் நெஞ்சில் வீசிங் சத்தம் திடீரென்று நின்றுபோவதும் இத்தகையதே. அது அடங்கிய மூச்சல்ல, காற்றே போகாத மூச்சு. அவருடைய ரத்த வாயுப் பரிசோதனையில் கரியமில வாயு "இயல்பு" என்று வந்தாலும் அது கெட்ட சகுனமே. ஏனென்றால், வேகவேகமாக மூச்சு விடுபவருக்கு அது இயல்பைவிடக் குறைந்திருக்க வேண்டும்.

மூச்சுக்குப் படும் இந்தப் பாட்டைப் பார்க்கத் தெரிந்துகொள்வது கடினமல்ல. ஆனால் பார்க்க வேண்டிய விதத்தில் பார்க்க வேண்டும். கழுத்து வரை போர்வை போர்த்திய நோயாளியைக் கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. போர்வையை இடுப்பு வரை இறக்கி, சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, விளக்கைப் போட்டுவிட்டுப் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். பெண் நோயாளி என்றால் திரையை இழுத்துவிட்டு, அவர் கூச்சத்துக்கு மதிப்புக் கொடுத்துப் பார்க்க வேண்டும். எண்ணப்போகிறேன் என்று சொல்லிவிட்டு எண்ணினால் மூச்சு மாறிவிடும் என்பதால், நாடி பிடிப்பதைப் போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மார்பைப் பார்த்து எண்ணுவோம். அறுபது விநாடியும் எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒரு மூச்சு தவறினாலும் கணக்கில் நான்கு தவறிவிடும். எண்ணி முடித்த பிறகு கையை வயிற்றின்மேல் இலேசாக வைத்துப் பார்க்கலாம். மூச்சை உள்ளே இழுக்கும்போது வயிறு மேலே எழும்ப வேண்டும். மார்பு எழும்பும் அதே நேரத்தில் வயிறு உள்ளே போனால் உதரவிதானம் ஓய்ந்துவருகிறது என்று பொருள். அந்த நோயாளியை விட்டு நகரக்கூடாது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளிடம் கீழ்விலா எலும்புகள் மூச்சை இழுக்கும்போது உட்பக்கமாகப் போவதை அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹூவர் 1920இலேயே விவரித்திருக்கிறார். காற்று நிரம்பி உப்பிப்போன நெஞ்சில் உதரவிதானம் தட்டையாகிவிடுவதால் வரும் அடையாளம் அது. உதட்டைக் குவித்து ஊதுவது போல மூச்சு விடுவதும் அவர்களிடம்தான் அதிகம். கற்றுக்கொண்ட கண்ணுக்கு இவை அரை நிமிடத்தில் பிடிபடும்.

குழந்தைகள் விஷயத்தில் இந்தப் பாடம் முன்பே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது என்பது ஓர் ஆறுதல். நிமோனியாவைக் கண்டறிய உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த முறையில், இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 என்ற அளவுகளை எட்டினாலோ தாண்டினாலோ அது வேகமான மூச்சு. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது எண்ண வேண்டும். அதோடு, மூச்சை இழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்வாங்குகிறதா என்று பார்ப்பதும் அதே முறையின் ஓர் அங்கம். பச்சிளங் குழந்தைகளுக்கோ, மூச்சுக்குப் படும் பாட்டை மட்டுமே வைத்து மதிப்பெண் போடும் சில்வர்மேன்-ஆண்டர்சன் அளவுகோல் 1956 முதல் இருக்கிறது: மார்பும் வயிறும் சேர்ந்து அசைகின்றனவா, விலாவிடை உள்வாங்குகிறதா, மார்பெலும்பின் கீழ்நுனி உள்வாங்குகிறதா, மூக்கு விடைக்கிறதா, முனகல் கேட்கிறதா என்று ஐந்து அடையாளங்களை அதில் பார்ப்பார்கள். கைக்குழந்தைக்குப் பார்ப்பதை அதன் தாத்தாவுக்குப் பார்க்காமல் விடுவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

பெரியவர்களுக்கு முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறைகள் இல்லாமலில்லை. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்திய 'நியூஸ்' என்ற முறை இன்று பல நாடுகளில் புழங்குகிறது. அதில் சுவாச எண்ணிக்கை 12 முதல் 20 வரை இருந்தால் மதிப்பெண் எதுவும் இல்லை. 21 முதல் 24 வரை இரண்டு. 25ஐ எட்டினால் மூன்று. எந்த ஓர் அம்சத்திலாவது மூன்று வந்தால் உடனடியாக மருத்துவர் கவனிக்க வேண்டும். எண்ணாமல் எழுதும் 20 எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள்: யாரையும் கூப்பிடத் தேவையில்லாத எல்லையின் விளிம்பில் விழுகிறது. உண்மையாக எண்ணியிருந்தால் என் நோயாளிக்கு அந்த ஒரு கட்டத்திலேயே மூன்று மதிப்பெண் வந்திருக்கும். இத்தனை பயனுள்ள இந்த முறையிலும் கழுத்துத் தசைக்கோ, விலா உள்வாங்குவதற்கோ, பேச்சுத் திணறலுக்கோ தனி இடம் இல்லை.

மூக்கு வழியாக அதிவேக ஆக்சிஜன் பெறும் நிமோனியா நோயாளிகளுக்கு 'ராக்ஸ்' என்றொரு கணக்கு உண்டு. ஆக்சிமீட்டர் காட்டும் எண்ணை, கொடுக்கப்படும் ஆக்சிஜனின் பங்கால் வகுத்து, வந்ததை மீண்டும் சுவாச எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 2, 6, 12 மணி நேரங்களில் விடை 4.88 அல்லது அதற்கு மேல் இருந்தால் குழாய் போட வேண்டிய அபாயம் குறைவு என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. நூற்றுக்கு அறுபது பங்கு ஆக்சிஜனில் 95 காட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 95ஐ 0.6ஆல் வகுத்தால் 158. மூச்சு 20 என்று எழுதியிருந்தால் விடை 7.9, நிம்மதியாக இருக்கலாம். உண்மையில் 34 என்றால் விடை 4.7, கட்டிலருகே நிற்க வேண்டும். ஆக்சிமீட்டர் எண் ஒன்றே, ஆக்சிஜனும் ஒன்றே; ஒரு நிமிடம் எண்ணினோமா இல்லையா என்பதில் இவ்வளவு வித்தியாசம் வருகிறது.

மூச்சுக்கான உழைப்பை நுட்பமாக அளக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கருவிகள் இருக்கின்றன. உணவுக்குழாயில் சிறு பலூன் பொருத்திய குழாயை இறக்கி அழுத்தத்தை அளப்பார்கள். அல்ட்ராசவுண்டில் உதரவிதானம் தடிப்பதைப் பார்ப்பார்கள். அளவு மீறி இழுத்து இழுத்து விடும் மூச்சே நோயுற்ற நுரையீரலை மேலும் காயப்படுத்தக்கூடும் என்ற கருத்தும் அண்மைக் காலத்தில் வலுப்பெற்றிருக்கிறது. இவை நிபுணர்களின் களம். எனக்கு அதில் அதிகம் சொல்லத் தகுதியில்லை. நான் கேட்பது பொது வார்டுக்கு.

கண்ணால் பார்ப்பதும் ஏமாற்றும் இடங்கள் உண்டு என்பதை மறைக்கக்கூடாது. கில்லன்-பாரே, மயஸ்தீனியா போன்ற நோய்களில் தசையே வலுவிழந்துபோவதால் கழுத்து புடைக்காது, விலா இழுக்காது. நோயாளி சலனமில்லாமல் அமைதியாகப் படுத்திருப்பார். அவரை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லிக் கேட்டு, எந்த எண்ணோடு குரல் நிற்கிறது என்று நாளுக்கு நாள் குறித்துவைப்பது எங்கள் பிரிவின் வழக்கம். மார்ஃபின் போன்ற மருந்துகள் கொடுத்தவரிடமும் திணறல் தெரியாமலே மூச்சு குறையும். சர்க்கரை நோய் முற்றி ரத்தம் அமிலமானவர் நுரையீரலில் கோளாறே இல்லாமல் ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விடுவார். ஆகவே, கண்ணால் கண்டதை எழுத வேண்டும். அதற்கான காரணத்தை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மருத்துவமனை நிர்வாகத்தினருக்கும் மருத்துவர்களுக்கும் நான் வைக்கும் கோரிக்கை பெரிதல்ல. நுரையீரல் நோயோடு வார்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும், சுவாச எண்ணிக்கைக் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வேண்டும். ஒரு மூச்சில் எத்தனை சொல் பேசுகிறார், கழுத்தும் விலாவும் வயிறும் எப்படி அசைகின்றன, எப்படி உட்கார்ந்திருக்கிறார், தெளிவாக இருக்கிறாரா மயக்கமாக இருக்கிறாரா என்பதை அதில் ஒரே வரியில் எழுத வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது "பெட் நம்பர் 7, ஆக்சிஜன் 95" என்று மட்டும் ஒப்படைக்காமல், அந்த வரியையும் வாய்விட்டுச் சொல்லி, இருவரும் கட்டிலருகே போய்ப் பார்க்க வேண்டும். நேற்றைய வரியோடு இன்றைய வரி ஒத்துப்போகாவிட்டால், மானிட்டர் என்ன காட்டினாலும் மருத்துவர் வந்து பார்க்க வேண்டும் என்பது எழுதப்பட்ட விதியாக இருக்க வேண்டும். அப்படி ஒரு விதி இருந்திருந்தால் அன்று இரவு நான் தயங்கி நின்றிருக்க மாட்டேன். "அப்பா நேத்து மாதிரி இல்ல சிஸ்டர்" என்று உடனிருப்பவர் சொல்வதும் அந்தக் கட்டத்தில் ஏற வேண்டும். நோயாளியின் வழக்கமான மூச்சு எப்படியிருக்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று இன்றைய செவிலியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எண்ணாமல் 20 என்று எழுதும் கை சோம்பேறிக் கை அல்ல, ஒரே நேரத்தில் பத்து வேலை பார்க்கும் கை என்பதை என் கையைக் கொண்டே அறிவேன். ஒரு முழு நிமிடம் ஒரு கட்டிலருகே நிற்கும் அளவுக்காவது வார்டுக்குச் செவிலியர்களை நியமிக்க வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு. ஆட்களைத் தராமல் கட்டத்தை மட்டும் அச்சடித்துக் கொடுத்தால் அதிலும் நாளை "நார்மல், நார்மல்" என்றே நிரம்பும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மருத்துவப் பக்கத்தில் ஆக்சிமீட்டர் படத்தை அச்சிடும்போது, அதன் பக்கத்திலேயே மூச்சுத் திணறும் ஒருவரின் கோட்டோவியத்தையும் வெளியிடுங்கள். கழுத்துத் தசை, காறை எலும்புக் குழி, விலாக்களின் இடைவெளி, வயிறு ஆகிய நான்கு இடங்களையும் அதில் அம்புக்குறியிட்டுக் காட்டி, கீழே "60 விநாடி எண்ணுங்கள்" என்று போடுங்கள். மானிட்டரைப் பார்த்தபடி இரவெல்லாம் விழித்திருக்கும் மகன்களும் மகள்களும் அதைக் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
நெஞ்சக நோய்ப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்